கோன் செட்: சுற்றாமலே தேயும் பேரிங்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று சுற்றுகிறது. சக்கரத்தின் அச்சில் இருக்கும் பேரிங் அத்தனை சுற்றையும் தாங்கி, ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அதற்கு மேலே, ஹேண்டில் பாருக்குக் கீழே, சேஸின் கழுத்துக் குழாய்க்குள் இன்னும் இரண்டு பேரிங்குகள் இருக்கின்றன. நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் இவை ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. முழுதாக ஒடித்தால்கூட இந்தப் பக்கம் முப்பத்தைந்து டிகிரி, அந்தப் பக்கம் முப்பத்தைந்து டிகிரி. நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் அசைவதே அபூர்வம். இருந்தும் சக்கர பேரிங் நன்றாக இருக்க, இவை மட்டும் கெட்டுப்போன வண்டிகள் ஏராளம்.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதற்குப் பெயர் கோன் செட். கூம்பு போன்ற உள்வளையம் கோன், கிண்ணம் போன்ற வெளிவளையம் கப், நடுவில் எஃகுக் குண்டுகள். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டியின் பெயரைச் சொல்லி ‘கோன் செட்’ என்று கேட்டால் ஒரு சிறு பெட்டியில் எல்லாம் வந்துவிடும். கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள மொன்றியலில் கோன் என்றாலே வேறு அர்த்தம்: தெருவெங்கும் சாலைப்பணிக்கு நிறுத்திவைத்த ஆரஞ்சுக் கூம்புகள். ஊரின் அடையாளச் சின்னமாகவே அவற்றைக் கேலி செய்வார்கள். இந்த இரண்டு கோன்களுக்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. முதல் கோன் கெடுவதற்கு, இரண்டாவது கோன் நிற்கும் சாலைகளும் ஒரு காரணம்.

சுற்றாத பேரிங் ஏன் தேய்கிறது? சக்கரத்துக்குள் இருக்கும் குண்டு ஒவ்வொரு கணமும் புதிய இடத்தில் கால் வைக்கிறது. சுமை வளையம் முழுக்கப் பரவுகிறது. கிரீஸும் குண்டோடு சேர்ந்து சுற்றி வந்து எல்லா இடத்தையும் நனைக்கிறது. கழுத்துக் குழாய்க்குள் இருக்கும் குண்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது நேர்ப்பாதையில் எந்த இடத்தில் உட்கார்ந்ததோ அதே இடத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளமும் அந்த ஒரே புள்ளியில்தான் அடிக்கிறது. குண்டும் வளையமும் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு புள்ளி. அவ்வளவு சிறிய பரப்பில் விழும் அடி, கெட்டி எஃகையும் மெல்லக் குழியாக்கிவிடும். எஃகுக் குண்டை உலோகத்தின் மேல் அழுத்தி, விழும் குழியை அளந்து கெட்டித்தன்மையைக் கணக்கிடும் சோதனையை ஸ்வீடன் பொறியாளர் யோஹான் ஆகுஸ்ட் பிரினெல் 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார். பேரிங் வளையத்தில் குண்டு பதித்த குழிகளைப் பொறியாளர்கள் இன்றும் ‘பிரினெல்லிங்’ என்றே சொல்கிறார்கள்.

அடியே விழாமலும் குழி விழும் என்பதுதான் இதில் விசித்திரம். 1930களில் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலில் அனுப்பிய புத்தம் புதுக் கார்கள், இறக்கும் இடத்தில் சக்கர பேரிங் கெட்ட நிலையில் வந்து சேர்ந்தன. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள். ரயில் பெட்டியின் அதிர்வில் பேரிங் உருளைகள் இருந்த இடத்திலேயே நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் ஆடியிருக்கின்றன. கிரீஸ் விலகி, உலோகம் உலோகத்தை உரசி, துருத்தூள் கிளம்பி, அந்தத் தூளே அரம்போல் மேலும் அரித்திருக்கிறது. இது ‘போலி பிரினெல்லிங்’. மோட்டார் சைக்கிளின் கழுத்து ஆயுள் முழுக்க இந்த ரயில் பயணத்தில்தான் இருக்கிறது. வண்டியை டிரெய்லரில் ஏற்றி, முன் ஃபோர்க்கை இறுகக் கட்டி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துச் செல்பவர்கள் அந்தக் கார்களின் கதையை அப்படியே திரும்ப நடத்துகிறார்கள்.

சுமையும் லேசானதல்ல. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து கீழ் பேரிங் வரை ஃபோர்க் நெடுக 65 சென்டிமீட்டர், இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பிரேக் பிடிக்கும்போது தரை டயரைப் பின்னால் இழுக்கிறது. ஃபோர்க் ஒரு கடப்பாரை. கீழ் பேரிங் அது ஊன்றிய கல். இரண்டு நீளங்களையும் கூட்டி வரும் 83ஐ 18 ஆல் வகுத்தால் 4.6 வருகிறது. டயரில் ஃபோர்க்குக்குக் குறுக்கே விழும் விசை எவ்வளவோ அதைப்போல நாலரை மடங்குக்கு மேல் கீழ் பேரிங்கில் விழுகிறது. மேல் பேரிங்கில் எதிர்த்திசையில் மூன்றரை மடங்கு. இதோடு வண்டியின் முன்பக்க எடையைச் சுமப்பதும் கீழ் பேரிங்தான். சக்கரம் வாரியிறைக்கும் சேறும் தண்ணீரும் முதலில் படுவதும் அதன் மேல்தான். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கீழ் கப்பில் முன்பக்கமும் பின்பக்கமும் குழிகள் ஆழமாகவும், மேல் கப் ஓரளவு நல்ல நிலையிலும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்படி அடி விழும் சாலைகளை மொன்றியலிலேயே பார்க்கலாம். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் மொன்றியல் தீவின் வடக்கு ஓரத்தில், பிரெரி ஆற்றின் கரையில் நீண்டு கிடக்கும் நகரப் பிரிவு. ஆற்றை ஒட்டி ஓடும் குவான் பூல்வார் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். தீவின் மிக நீண்ட தெரு அது. கோடை மாலைகளில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அதைவிட இதமான சாலை நகரத்துக்குள் கிடைப்பது கடினம். அதற்கு இணையாக ஆன்ரி-புராசா பூல்வார். தெற்கே, 1960 வாக்கில் தூண்களின் மேல் எழுப்பிய மெட்ரோபொலிட்டன் நெடுஞ்சாலை. அதன் பால இணைப்புகள் ஒவ்வொன்றையும் கடக்கும்போது முன்சக்கரத்தில் ஒரு தட்டு விழும். சீரான இடைவெளியில், தாளம் தப்பாமல்.

சாலைப் பள்ளத்துக்குக் கியூபெக் பிரெஞ்சில் ‘நீ-து-பூல்’ என்று பெயர். கோழி அடைகாக்கும் கூடு என்று பொருள். மார்ச் மாதம் வந்தால் கூடுகள் பெருகும். பகலில் உருகும் பனி தாரின் வெடிப்புகளில் இறங்குகிறது, இரவில் உறைகிறது. உறையும் நீர் 9 சதவீதம் பருக்கும். அந்த நெம்பலில் தார் மேலெழும்பி, மறுநாள் பேருந்துச் சக்கரம் ஏறியதும் பெயர்ந்து விழுகிறது. கோழி உட்காரும் அளவு என்று தொடங்குவது பல இடங்களில் வான்கோழிக்கே போதுமானதாகிவிடும். குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பும் பொடிக்கல்லும் ஏப்ரலில் தெருக்கூட்டும் வண்டிகள் வரும்வரை சாலையில் கிடக்கின்றன. முதல் வெயில் கண்டதும் வண்டியை எடுப்பவர்கள் அந்த உப்பு நீரைத்தான் கழுத்துக்குழாயின் அடிப்பகுதிக்கு ஊட்டுகிறார்கள்.

வெப்பமூட்டாத கொட்டகையில் குளிர்காலத்தைக் கழிக்கும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. மார்ச்சில் திடீரென்று ஒரு நாள் பத்து டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் வரும். காற்று சூடாகிவிடும், இருநூறு கிலோ இரும்பு அவ்வளவு வேகமாகச் சூடாகாது. குளிர்ந்த சொம்பின் வெளியில் வியர்ப்பதுபோல் சேஸ் வியர்க்கும். குழாயின் உள்ளேயும் வியர்க்கும். தொழிற்சாலையிலேயே கஞ்சத்தனமாகக் கிரீஸ் தடவிய வண்டியென்றால் வளையத்தில் துரு பிடிக்க இந்த நாட்கள் போதும்.

கெட்டுப்போன கோன் செட் தன்னை மூன்று வழிகளில் காட்டிக்கொடுக்கும். முன் பிரேக்கைப் பிடித்தவுடன் கழுத்தருகே ‘டொக்’ என்று ஒரு சத்தம், கைக்கும் தெரியும் ஓர் அதிர்வு. இது லூஸ். மெதுவாகப் போகும்போது வண்டி நேராகப் போக மறுத்து, பாம்புபோல் நெளிந்து, ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், நடுவில் குழி விழுந்திருக்கிறது, அல்லது யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில் பார் தானாகப் படபடப்பது. ஆனால் படபடப்புக்குத் தேய்ந்த டயர், காற்றுக் குறைவு, சரியாக நிற்காத சக்கரம் என்று வேறு காரணங்களும் உண்டு. படபடத்தாலே கோன் செட் போச்சு என்று முடிவுகட்டுவது அவசரம்.

சரியான சோதனைக்கு முன்சக்கரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையும் ஜாக்கியும் கொடுத்தால் போதும். ஹேண்டில் பாரை இரு விரலால் மெல்ல ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப வேண்டும். நேர்நிலையைக் கடக்கும்போது லேசாக ‘கிளிக்’ என்று பள்ளத்தில் விழுந்து உட்கார்ந்தால், வேறு ஆராய்ச்சி தேவையில்லை. இந்த ஒரே பள்ளம் ஏன் நடுவில் மட்டும் தட்டுகிறது என்பதற்குச் சுவையான விளக்கம் இருக்கிறது. 19 குண்டுகள் உள்ள வளையத்தில் குழிகள் ஒவ்வொன்றும் சுமார் 19 டிகிரி தள்ளி இருக்கும். ஹேண்டில் திரும்பும் அளவில் பாதிதான் குண்டு நகரும். ஆகவே அடுத்த குழியை எட்ட ஹேண்டில் 38 டிகிரி திரும்ப வேண்டும். அதற்குள் ஹேண்டில் கோடியில் முட்டிக்கொள்ளும். பழைய மெக்கானிக்குகள் கப்பைக் கழற்றிச் சற்றே திருப்பி அடிப்பதுண்டு. குண்டுகள் பழைய குழியை விட்டு விலகி உட்கார, வண்டி சில மாதங்களுக்குச் சரியானதுபோல் ஓடும். பாகம் கிடைக்காத காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். கடைக்குப் போனால் கிடைக்கும் காலத்தில் அப்படிச் செய்வது ஒரே வேலையை இரண்டு முறை செய்வதுதான்.

லூஸ் பார்க்க, வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஃபோர்க்கின் அடியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரு கை ஃபோர்க்கிலும் மறுகை விரல்கள் கழுத்துக் குழாயின் விளிம்பிலும் இருந்தால், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். ஃபோர்க்கின் உள்புஷ் தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும்; அப்போது கழுத்து அசையாது, ஃபோர்க் குழாயின் நடுவில்தான் அசையும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் கழுத்து பேரிங்கைப் பார்ப்பது கட்டாயம். கியூபெக்கில் தனியார் வண்டிகளுக்கு அப்படி ஆண்டுச் சோதனை எதுவும் இல்லை. பார்த்தால் உரிமையாளர் பார்த்ததுதான்.

என்ன வாங்குவது? தனிக்குண்டுகள் உள்ள கோன் செட்டுக்குப் பதில் அதே வகையையே போடலாம். கூண்டில் அடைத்த குண்டு பேரிங் போடலாம். அல்லது டேப்பர் ரோலர். ஹென்றி டிம்கென் 1898 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்த வகையில் குண்டுக்குப் பதில் ஒரு முனை சற்றுப் பருத்த உருளைகள். குண்டு புள்ளியில் தொட, உருளை ஒரு கோட்டில் தொடுகிறது. அதே அடி பல மடங்கு பரப்பில் பரவுவதால் குழி விழ நாளாகும். மொன்றியல் சாலைக்கு டேப்பர் ரோலர்தான் பொருத்தம் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதிலும் இரண்டு குறைகள் உண்டு. ஸ்டியரிங் சற்றுக் கனக்கும்; நூறு கிலோ எடையுள்ள சிறு வண்டியில் அது தெளிவாகவே தெரியும். அடுத்தது, உயரம் மில்லிமீட்டர் கணக்கில் மாறலாம். அப்படி மாறினால் மேல் நட்டுக்கு மரை போதாமல் போகும், அல்லது தூசித் தடுப்பு சரியாக உட்காராது. வாங்கிய பெட்டியைப் பிரித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்காமல் சுத்தியலை எடுக்கக்கூடாது.

பேரிங்கின் மேல் பொறித்த எண் தெரிந்தால், வண்டிக் கடையைத் தவிர பொதுவான பேரிங் கடையிலும் வாங்கலாம். 32005 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 47, தடிப்பு 15 மில்லிமீட்டர். 32006 என்றால் 30, 55, 17. பி.எம்.டபிள்யூவின் பழைய காற்றால் குளிரும் பாக்சர் வண்டிகளில் இருப்பது 28, 52, 16 அளவுள்ளது, எண் 320/28. எல்லா வண்டியிலும் இப்படிப் பொது அளவு வராது. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் கழுத்துக்கென்றே தனி அளவுகள் இருக்கின்றன. அங்கே வண்டிக்கென்று வரும் பெட்டிதான் வழி.

மொன்றியலில் இந்த வேலைக்கு உகந்த காலம் குளிர்காலம். கியூபெக் சட்டப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். மோட்டார் சைக்கிளுக்கும் அது பொருந்தும். ஆகவே அனேகமாக எல்லா வண்டிகளும் அந்த மூன்றரை மாதம் உள்ளேதான் கிடக்கின்றன. தெருமட்டத்துக்குக் கீழே சரிந்து இறங்கும் கராஜ் உள்ள பழைய டூப்ளெக்ஸ் வீட்டுக்காரர்களுக்கு இடப்பிரச்சினை இல்லை. அடுக்குமாடியின் பொது நிலவறையில் வண்டி நிறுத்துபவர்கள், வண்டியைப் பிரித்துப்போட அங்கே அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. வேலையை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததே இங்கே பெரிய வசதி. சென்னையில் தெருவோர மெக்கானிக் காலையில் பிரித்து மதியம் பூட்டிக் கொடுப்பார். அவருக்கு அது கைப்பழக்கம். முதன்முறை செய்பவருக்கு ஒரு வாரக் கடைசி முழுதாகத் தேவை.

பிரிப்பதற்கு முன் கேபிள்களும் ஒயர்களும் எந்த வழியாகப் போகின்றன என்பதைப் பல கோணங்களில் படம் எடுத்து வைக்க வேண்டும். டாங்க்கைக் கழற்றிவிடுவது உத்தமம். முடியாவிட்டால் தடித்த போர்வை. அவிழ்த்த ஹேண்டில் பார் முதலில் தேடிப்போய் இடிப்பது டாங்க்கைத்தான். பிறகு பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட வேண்டும், ஒருபோதும் அதன் சொந்தக் குழாயில் அல்ல. சக்கரம், மட்கார்டு, ஹேண்டில் பார் வரிசையாக வரும். ஃபோர்க் குழாய்கள், அவற்றைப் பிடித்திருக்கும் மேல்தட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அளந்து எழுதிவிட்டு உருவ வேண்டும். மேலுள்ள பெரிய நட்டுக்குச் சரியான சாக்கெட் வேண்டும். அதன் கீழுள்ள காடி வெட்டிய வட்ட நட்டுக்குச் சி-ஸ்பேனர். உளியும் சுத்தியலும் வைத்து இந்த நட்டைத் தட்டித் திருப்புவது எல்லா ஊரிலும் நடக்கிறது; காடிகள் மழுங்கிய நட்டுகளும் எல்லா ஊரிலும் கிடக்கின்றன.

வட்ட நட்டின் கடைசி மரை விடும்போது கழுத்துக் குழாய்க்குள் போகும் தண்டான டி-ஸ்டெம்மை ஒரு கை தாங்கியிருக்க வேண்டும். தனிக்குண்டு வண்டியென்றால் அடியில் வெள்ளைத் துணியோ அகலத் தட்டோ அவசியம். குண்டுகள் மழைபோல் கொட்டும்; அதில் இரண்டு எப்போதும் அலமாரிக்கு அடியில்தான் போகும். எத்தனை விழுந்தன என்று எண்ணி, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் எண்ணிக்கை வேறுபடும் வண்டிகள் உண்டு. முன்பு யாரோ ஒரு குண்டைத் தொலைத்துவிட்டுக் குறைத்துப் பூட்டியிருந்தால் அதுவும் இப்போதுதான் தெரியவரும்.

இதுவரை செய்தது பொறுமை வேலை. பலம் கேட்பது அடுத்ததுதான். கழுத்துக் குழாயில் இறுகப் பதிந்திருக்கும் கப்புகளை எதிர்முனையிலிருந்து நீண்ட இரும்புத் தண்டால் தட்டி வெளியேற்ற வேண்டும். பல சேஸ்களில் தண்டின் முனை பிடிப்பதற்கென்று இரண்டு இடங்களில் விளிம்பைச் செதுக்கி வைத்திருப்பார்கள். ஒரு தட்டு இங்கே, ஒரு தட்டு எதிர்ப்பக்கம். ஒரே பக்கம் அடித்தால் கப் சாய்ந்து குழாயைக் கீறும். விளிம்பே தெரியாதபடி கப் உட்கார்ந்திருந்தால் வெல்டிங்காரரின் உத்தி கைகொடுக்கும்: கப்பின் உள்முகத்தில் ஒரு சுற்று வெல்டிங் ஓடவிட்டால், அந்த உலோகம் ஆறும்போது சுருங்கி கப்பையும் உள்ளே இழுக்கும். பிடி விட்ட கப்பை மெல்லத் தட்டினாலே வந்துவிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றாமல் சேஸில் வெல்டிங் வைப்பது மின் பாகங்களுக்கு ஆபத்து.

டி-ஸ்டெம்மின் அடியில் இறுகியிருக்கும் உள்வளையம் இன்னும் பிடிவாதக்காரன். அதற்கும் ஸ்டெம்முக்கும் இடையே உளி நுழையக்கூட இடம் இருக்காது. சூடுகாட்டி, சுற்றிச் சுற்றித் தட்டினால் சில வண்டிகளில் எழும்பும். எழும்பாவிட்டால் சிறு கிரைண்டரால் வளையத்தின் ஓரிடத்தில் முக்கால்வாசி ஆழம் வெட்டி, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரே அடி. கெட்டி எஃகு ‘டக்’ என்று பிளந்து பிடி விடும். வெட்டு ஸ்டெம்மைத் தொடக்கூடாது. இந்த அடிக்குக் கண்ணாடி அணியாமல் நிற்பவர்கள் கண்ணைப் பணயம் வைக்கிறார்கள். பிளக்கும் பேரிங் எஃகு சில்லாகத் தெறிக்கும்.

புதியதைப் பதிக்கும்போதுதான் மொன்றியல் குளிர் உதவிக்கு வருகிறது. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 12 மைக்ரான் நீளும் அல்லது சுருங்கும். 47 மில்லிமீட்டர் கப்பை அறை வெப்பமான 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் விட்டம் 0.02 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். கப்பைக் குழாயில் இறுக்கிப் பிடித்திருப்பதே ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான் என்பதால் கையில் பெரிய வேறுபாடு தெரியும். சென்னையில் இதற்கு ஐஸ்கிரீமை நகர்த்திவிட்டு ஃப்ரீசரில் இடம் பிடிக்க வேண்டும். ஜனவரி இரவில் அஹுன்ட்சிக் வீட்டின் பால்கனியே ஃப்ரீசர். ஈரம் படாத பையில் கட்டி வெளியே வைத்தால் காலையில் தயார். டி-ஸ்டெம்மையும் அதே பால்கனியில் வைத்துவிட்டு, அதில் ஏற வேண்டிய உள்வளையத்தை அடுப்பில் 100, 120 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 0.03 மில்லிமீட்டர் விரியும். பல வேளைகளில் அடியே இல்லாமல் வழுக்கிப் போய் உட்காரும். ரப்பர் சீல் ஒட்டிய பேரிங்கை இப்படிச் சூடாக்கக்கூடாது. நெருப்பைக் காட்டி வளையம் நீலம் பாரிக்கும் அளவுக்குப் போனால் எஃகின் பதமே இறங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு சிறு பொருள்: கீழ் பேரிங்குக்கு அடியில் வரும் தூசித் தடுப்பு. இதைப் போட மறந்து பேரிங்கை ஏற்றிவிட்டு, மறுபடி வெட்டி எடுத்தவர்களின் சங்கத்தில் உறுப்பினர்கள் அதிகம். டேப்பர் ரோலரில் திசையும் முக்கியம். கீழ் பேரிங்கின் ஒடுங்கிய முனை மேல் நோக்கியும், மேல் பேரிங்கின் ஒடுங்கிய முனை கீழ் நோக்கியும், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும்.

கப்பை அடித்து இறக்கப் பழைய கப்பே நல்ல கருவி. அதன் வெளிவிட்டத்தைக் கிரைண்டரில் சற்றுக் குறைத்துவிட்டால் குழாயில் சிக்காது. புதிய கப்பின் மேல் அதைக் கவிழ்த்து, மேலே ஒரு தட்டை இரும்பு வைத்துத் தட்டலாம். நீண்ட மரைக்கம்பி, இரண்டு தடித்த வாஷர், இரண்டு நட்டு இருந்தால் அடியே வேண்டாம். இறுக்கினால் கப் நேராக உள்ளே இழுபடும். சுத்தியலால் செய்பவர்கள் காதை நம்பலாம். இறங்கிக்கொண்டிருக்கும் வரை ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும் சத்தம், அடி தட்டியதும் கணீரென்று மாறும். மாறிய பிறகு அடிக்கும் ஒவ்வோர் அடியும் வீண்.

கிரீஸில் கஞ்சத்தனம் கூடாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முற்றிலும் கழுவித் துடைத்த பிறகே புதியது. சோப்பு அடிப்படை வேறுபட்ட இரண்டு கிரீஸ்கள் கலந்தால் குழைந்து ஓடிவிடலாம். தண்ணீரில் கரையாத, படகு டிரெய்லர் சக்கரங்களுக்குப் போடும் வகை இங்கே ஏற்றது. ரோலர் கூண்டை உள்ளங்கையில் வைத்த கிரீஸ் கட்டியில் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை திணிக்க வேண்டும். மேலே தடவியது மட்டும் உள்ளே போகாது. கழுத்துக் குழாயின் உட்சுவரிலும் ஸ்டெம்மிலும் ஒரு மெல்லிய பூச்சு, அந்த மார்ச் மாத வியர்வைக்காக. தனிக்குண்டு வண்டியில் கிரீஸே பசையாக நின்று குண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

பிரிப்பதும் அடிப்பதும் யாராலும் முடியும். இந்த வேலையின் உண்மையான நுணுக்கம் இறுக்கத்தில் இருக்கிறது. புதிதாகப் போட்டும் வண்டி சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இங்கேதான். முதலில் வட்ட நட்டை நன்றாகவே இறுக்கி, ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி பலமுறை திருப்ப வேண்டும். உருளைகள் தம் இடத்தில் உட்காரும், கூடுதல் கிரீஸ் விலகும். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, ஆட்டம் மறையும் புள்ளி வரை மென்மையாக இறுக்கி, அதற்கு மேல் ஒரு துளி. ‘ஒரு துளி’ எவ்வளவு என்பதற்கு ஒவ்வொரு வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலும் நியூட்டன் மீட்டரில் எண் உண்டு. குண்டு பேரிங்குக்கு எழுதிய எண் டேப்பர் ரோலருக்குப் பொருந்தாது என்பதால், ரோலருக்கு மாறியவர்கள் எண்ணை விட்டுச் சோதனையை நம்ப வேண்டும்.

சோதனை எளியது. மேல்தட்டையும் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் பூட்டி, சக்கரம் அந்தரத்தில் நிற்க, நேராக வைத்த ஹேண்டிலை ஒரு விரலால் லேசாகத் தட்டினால் அது தன் எடையிலேயே மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து கோடிக்குப் போக வேண்டும். ‘டமால்’ என்று போய் முட்டினால் லூஸ். பாதியில் நின்றால் இறுக்கம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், ஹேண்டிலின் நுனியில் ஒரு வில் தராசைக் கொக்கி போட்டு, நேர்நிலையிலிருந்து நகரத் தொடங்கும் கணத்தில் எத்தனை கிராம் காட்டுகிறது என்று பார்க்கலாம். ஜப்பானியப் புத்தகங்கள் பலவற்றில் இந்த அளவு சில நூறு கிராம். கேபிள்களும் ஒயர்க் கட்டும் விறைப்பாக இழுத்தால் இரண்டு சோதனையும் பொய் சொல்லும்.

அடுத்து ஒரு பொறி இருக்கிறது. மேலுள்ள பெரிய நட்டை இறுக்கும்போது, வட்ட நட்டின் மரையிலுள்ள சிறு இடைவெளி மறைந்து பேரிங் இன்னும் சற்று அழுந்தும். அதனால் சோதனை என்பது பெரிய நட்டை முழு அளவுக்கு இறுக்கிய பிறகு செய்வதுதான். அதில் இறுக்கம் தெரிந்தால் மறுபடி அவிழ்த்து, வட்ட நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி பூட்ட வேண்டும். மூன்று நான்கு முறை ஆகலாம். சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் மேல்தட்டில் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர்க்குகளே தூண்கள்போல் நின்று தட்டை இறங்கவிடாது.

அதிகமாக இறுக்கினால் என்ன குறை, நாளடைவில் சரியாகிவிடுமே என்று நினைப்பவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிள் தானாக நேராக நிற்பது, முன்சக்கரம் ஒவ்வொரு நொடியும் சின்னச் சின்னதாக இடமும் வலமும் திரும்பித் தன்னைத் திருத்திக்கொள்வதால். கழுத்து இறுகினால் அந்தத் திருத்தம் தாமதமாகிறது. நடைவேகத்தில் வண்டி தள்ளாடும். ஆன்ரி-புராசாவில் சிக்னலுக்குச் சிக்னல் ஊரும் மாலை நேர நெரிசலில் கைகள் சோர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் நீண்ட நெளிவாக அது வெளிப்படும்.

கிளம்பும் முன் பிரேக் லீவரைப் பலமுறை அழுத்தி, காலிப்பர் பட்டைகள் டிஸ்க்கைத் தொடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் முதல் சிக்னலில் லீவர் வெறுமனே உள்ளே போகும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். சத்தம் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் தவறான வழியில் போயிருக்கிறது. மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த அழுக்கைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியிட்ட டப்பாவில் சேர்த்து, ஆன்ரி-புராசா மேற்கில் இருக்கும் அக்காடி எக்கோசென்டரில் கொடுக்கலாம். வீட்டில் சேரும் இத்தகைய அபாயக் கழிவுகளை அங்கே வாங்கிக்கொள்கிறார்கள்.

புதிய வளையங்கள் சாலையில் ஓடத் தொடங்கியதும் இன்னும் ஒரு நூலளவு உள்ளே உட்காரும். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள், அதாவது மே மாத முடிவுக்குள், முன்சக்கரத்தை மறுபடி தூக்கி நிறுத்தி, அதே விரல் தட்டையும் அதே ஃபோர்க் ஆட்டத்தையும் பார்த்து, தேவைப்பட்டால் வட்ட நட்டை ஒரு காடியின் பாதி அளவு திருப்ப வேண்டியிருக்கும்.